சைவக் கஷாயம்

சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த நாளாகச் சிவகாமசுந்தரி அந்த வீட்டில் யாரையும் நம்பவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. உங்களுக்கோ எனக்கோ அப்படி நடந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்போம். அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். சிவகாமியின் கழுத்தில் வந்த கட்டியை மலாக்காவிலேயே அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அது புற்று. அறுப்பதற்கு முன்பே அதன் விதை நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கத்தி அங்கே போக முடியாது. அதனால்தான் சிங்கப்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கணவன் ராஜரத்தினத்தோடு போனாள். அங்கே வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை நர்ஸ் கோகிலா தமிழில் எடுத்துச் சொன்னாள்.

“கழுத்துல இருக்கிற அந்தச் சதைக்கு அயோடின்னா உசிரும்மா. கடல் சாமான்ல இருக்கிற சத்து அது. அந்தச் சதையில வந்த நோய் நெஞ்சுக்கு ஓடிப்போனாலும் அந்த ஆசைய மட்டும் விடல. அதனால அந்த அயோடின்லயே அணுவோட சூட்ட ஏத்திக் குடுப்பாங்க. நீங்க குடிச்சா போதும். அதுவா தேடிப் போயி நோய மட்டும் சுடும்.”

“எலிக்கு மசால் வடை வைக்கிற மாதிரியா?” என்றாள் சிவகாமி.

கோகிலா சிரித்துவிட்டு டாக்டரிடம் சொன்னாள். டாக்டரும் சிரித்தார். பிறகு, “எலி பசியா இருக்கணும். அதுதான் முக்கியம்” என்று சொல்லச் சொன்னார்.

எலியைப் பட்டினி போடுவதற்காகத்தான் மூன்று வாரம் அவள் வாயில் மீன் இல்லை, இறால் இல்லை, கருவாடு இல்லை, பிலாச்சான் என்கிற இறால் விழுதும் இல்லை. கழுத்துச் சுரப்பி போனதற்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைக்கூட டாக்டர் நிறுத்தி வைத்திருந்தார். அதனால் முகம் ஊதி, குரல் தடித்து, மலாக்கா வெயிலில் ராஜரத்தினத்தின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுங்கினாள். எல்லாம் எதற்காக? பிழைப்பதற்காக.

அப்படிப் பத்தியம் இருந்து திரும்பவும் சிங்கப்பூர் போனவளுக்கு முதலில் சோதனைக்காகத் துளி மருந்து கொடுத்து, மறுநாள் நெஞ்சில் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்கள். நோய் மருந்தைத் தின்றிருந்தால் அது படபடவென்று சத்தம் போட வேண்டும். எப்போதோ ஒரு தரம் டிக் என்றது. டாக்டரின் முகம் மாறிவிட்டது.

“கடல் சாமான் ஏதோ உள்ள போயிருக்கு.”

“சத்தியமா இல்ல சார். எங்க வீட்டுல புரட்டாசி சைவம்” என்று பதில் சொன்னது ராஜரத்தினம்.

“போயிருக்கு” என்றார் டாக்டர்.

இன்னும் ஒரு வாய்ப்புத் தந்தார். அந்த மருந்து இங்கிலாந்திலிருந்து ஆகாய விமானத்தில் வர வேண்டும். வாரத்துக்கு வாரம் பாதி வீரியம் போய்விடுமாம், வாங்கி அடுக்கி வைக்க முடியாது. அவள் பேரில் எழுதி வரவழைக்க ஏற்பாடு செய்தார்கள். அதைக் குடிப்பதற்குள் உடம்பிலிருந்து கடல் முழுக்க வடிந்திருக்க வேண்டும். அதற்குக் கடைசி இரண்டு வாரமாவது வாய் சுத்தமாக இருக்க வேண்டும். இந்தத் தடவையும் எலி தின்னவில்லை என்றால் மூன்றாவது தடவை கிடையாது. நெஞ்சில் இருப்பது காத்திருக்காது.

அந்த இரண்டு வாரம் தொடங்குகிற நாள்தான் இந்தச் சனிக்கிழமை. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து மூன்றாவது புரட்டாசி. அதில் கடைசி சனி.

மலாக்காவில் காஜா பெராங் பகுதி வீட்டுச் சமையல்கட்டில் பாக்கியலட்சுமி படையலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். ராஜரத்தினத்தின் மூத்த அக்காள். புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்தவள், வந்த மறுநாளே சமையல்கட்டைப் பிடித்துக்கொண்டாள். புரட்டாசியில் பக்கத்து வீட்டு மீன் வாசம் வந்தால்கூடச் சன்னலைப் படாரென்று சாத்துவாள்.

சிவகாமி வாசற்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி? எம் மூஞ்சில சினிமாப் படமா ஓடுது?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“ஒண்ணுமில்லன்னா போயி படு. உக்காந்து உக்காந்து என் கையப் பாக்கிற, சட்டியப் பாக்கிற. நான் என்ன விஷமா போடறேன்?”

 அந்தக் கேள்வியைத்தான் சிவகாமி வாரம் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாகக் குழந்தை இல்லை. பக்கத்து ஊரான புக்கிட் காதிலில் பொன்னம்மா என்றொரு பெண்ணைத் தம்பிக்கு இரண்டாம் தாரமாக ஒரு காலத்தில் பாக்கியலட்சுமி பார்த்து வைத்திருந்தாள். பழைய கதை, செத்துப்போன கதை என்றுதான் சிவகாமி நினைத்திருந்தாள். ஆனால் சோதனைக்குச் சிங்கப்பூர் போவதற்கு முந்தின வாரம் பின்கட்டில் அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பேச்சு சரியாகக் கேட்கவில்லை. “பொன்னம்மா” என்று பாக்கியலட்சுமி சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

நெஞ்சில் நோயை வைத்துக்கொண்டு அந்தப் பேரைக் கேட்டவளுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ராஜரத்தினத்திடம் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவன், “டாக்டர் சொன்னார்ல, மாத்திர இல்லாத நேரத்துல மனசு குழம்பும், ஆளுங்க மேல சந்தேகம் வரும்னு? இது அதுதான்” என்று தட்டிக் கழித்துவிட்டான். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மை. அதனால் சிவகாமி தன் புத்தியையும் சேர்த்தே சந்தேகப்பட வேண்டியதாயிற்று.

பொங்கலை இறக்கி வைத்துவிட்டு பாக்கியலட்சுமி ஒரு டம்ளரை நீட்டினாள்.

“இந்தா, கஷாயம். ஆறிப்போறதுக்குள்ள குடி.”

சுக்கு, மிளகு, கருப்பட்டி போட்ட கஷாயம். உடம்புக்குத் தெம்பு என்று ஆவணியிலிருந்து தினமும் கொடுக்கிறாள். சிவகாமியும் மறுபேச்சில்லாமல் குடித்துவந்தாள். இன்று டம்ளரை வாங்கிய கை அப்படியே நின்றது.

சோறு எல்லாரும் சாப்பிடுகிறார்கள். சாம்பார் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். அவளுக்கு மட்டும் என்று அந்த வீட்டில் வருவது இந்த ஒன்றுதான்!

“சூடா இருக்கு அண்ணி. அப்புறம் குடிக்கிறேன்.”

“குடிக்காம வச்சிராத.”

பாக்கியலட்சுமி படையலை முடித்து, தூக்குச் சட்டியில் பொங்கலை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் சிவகாமி எழுந்தாள். அடுப்போரத்தில் கஷாயச் சட்டி மூடியிருந்தது. மூடியைத் திறந்து கரண்டியால் அடியில் துழாவினாள். சுக்கு வந்தது. மிளகு வந்தது. அப்புறம் ஒன்று வந்தது, கறுப்பாக, நாடா மாதிரி, தொட்டால் வழுக்கியது. மோந்து பார்த்தாள். கருப்பட்டிக்கு அடியில் வேறொரு வாசம் இருந்தது.

கரண்டியைக் கீழே வைத்தாள். 

அதைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வேலிக்குப் போனாள். பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டிக் குடும்பம். அந்த அம்மாள் நெற்றி நிறைய விபூதி பூசி நம் சாமியைத்தான் கும்பிடுவார். தமிழ் வராது, மலாய்தான். சிவகாமி மலாயில் கேட்டாள், இது என்ன என்று.

அந்த அம்மாள் விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ரும்புட் லாவுட் லா!”

கடல் புல். சீனர்கள் சூப்பில் போடுவது, கழுத்து வீங்கினால் சீன வைத்தியர்கள் கொடுப்பது என்றெல்லாம் அந்த அம்மாள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். சிவகாமிக்கு முதல் வார்த்தையோடு காது அடைத்துவிட்டது.

பாக்கியலட்சுமி கோயிலிலிருந்து திரும்பியபோது கூடத்து மேசைமேல் டம்ளர் நிரம்பியபடி இருந்தது. பக்கத்தில் கிண்ணம். எதிரே சிவகாமி.

“இன்னும் குடிக்கலையா நீ?”

“நீங்க குடிங்க அண்ணி.”

“எனக்கெதுக்குடி?”

“எனக்கு மட்டும் எதுக்கு? என் நெஞ்சுல இருக்கறதுக்குத் தீனி போடறதுக்கா? நான் போயிட்டா புக்கிட் காதில்லேர்ந்து பொன்னம்மாவக் கூட்டிட்டு வரலாம்னா? வெட்டவெளிச்சமாச் சொல்லிட்டுச் செய்யுங்க அண்ணி. சாமி பேரச் சொல்லிப் பொங்கல் வைக்கிற கையால செய்யாதீங்க!”

பாக்கியலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

“இது மூலிகைடி. சீன மருந்துக்கடை மூலிகை.”

“கடல்ல முளைக்கிற புல்லு! கடல் சாமான் தொடக்கூடாதுன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டாரே, உங்க காதுல விழலையா?”

“கடலா?”

பாக்கியலட்சுமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனுஷி வேலை நேரத்தில் உட்கார்ந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

“நான் கேட்டேனே. சைவமான்னு கேட்டேனே. புரட்டாசி மாசம், என் சட்டில போடணுமேன்னு மூணு தரம் கேட்டேன். சைவந்தான், எலைதான்னு சொன்னான். மீனும் நண்டும் தவிர கடல்ல வேற என்ன இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“யாரு சொன்னது?”

“தம்பி.”

“எந்தத் தம்பி?”

“எனக்கு எத்தன தம்பிடி இருக்கான்?”

சிவகாமி நிரம்பிய டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

“அவந்தான் பொட்டலம் வாங்கிட்டு வந்தான். ஆவணிலேர்ந்து. சீன வைத்தியரு, அந்தச் சின்சே குடுத்தாரு, தெம்புக்கு நல்லது, சீனக் கடைச் சரக்குன்னு தெரிஞ்சா சிவகாமி குடிக்கமாட்டா, கஷாயத்துல போட்டுக் குடுன்னான். என் கையால குடுத்தா நீ வாங்கமாட்டேன்னு நெனச்சேன். வாங்கிக் குடிச்ச. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?” என்றவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நல்லது செய்யறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டி பாவி!”

சிவகாமிக்கு அழுகை வரவில்லை. சிங்கப்பூரில் டாக்டருக்கு முன்னால் “சத்தியமா இல்ல சார்” என்று சொன்ன குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. மசால் வடையையும் எலியையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டவர் அவர். கடல் கூடாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்!

சனிக்கிழமை ஆபீஸ் அரைநாள். ரப்பர் கம்பெனியில் கிராணி என்கிற குமாஸ்தா வேலை ராஜரத்தினத்துக்கு. மத்தியானம் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன் வழக்கம்போலக் கேட்டான்.

“கஷாயம் குடிச்சியா?”

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

“எதுக்குங்க கேக்கறீங்க?” என்றாள் சிவகாமி.

“சும்மாதான். ஏன், என்ன ஆச்சு? மறுபடியும் சந்தேகமா? டாக்டர் சொன்னாரே, இந்த நேரத்துல...”

“டாக்டர் சொன்னத இனிமே நீ சொல்லாத” என்று பாக்கியலட்சுமி எழுந்துபோய், சீனக் கடைப் பொட்டலத்தை எடுத்துவந்து அவன் காலடியில் போட்டாள். காய்ந்த கறுப்பு நாடாக்கள் தரையில் சிதறின. “கடல் புல்லா இது? சொல்லு.”

ராஜரத்தினம் பொட்டலத்தைப் பார்த்தான். பொய் சொல்ல வாயைத் திறந்தவன் பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

“ஆமா.”

“ஏங்க?” என்றாள் சிவகாமி. “ஏன்?”

“மொதத் தடவ ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நீ உள்ள படுத்திருந்த. நீ பாக்கல. வேற யாருக்கோ குடுத்தத நான் பாத்தேன்.” அவன் குரல் உயர்ந்தது. “அந்த மருந்த ஈயப் பெட்டிக்குள்ள வச்சிருக்கான் சிவகாமி! ஈயம்! நர்ஸ் நீட்டு இடுக்கியால எடுக்கறா. எடுத்து வச்சிட்டு ஓடிப்போயி செவுத்துக்குப் பின்னால நிக்கறா. கொடுக்கறவனே கையால தொடப் பயப்படறத என் பொண்டாட்டி தொண்டைல ஊத்தணுமா? ஜப்பான்காரன் ஊருல விழுந்துச்சே, அதே சாமான்தானே? எத்தன பேரு கருகிச் செத்தான்! அது உள்ள போனா நோய மட்டும் சுடுமாம். நெருப்புக்கு என்ன தெரியும், இது நோய், இது சிவகாமின்னு?”

“நெருப்புக்குத் தெரியாது. அந்தச் சதைக்குத் தெரியும். அதத்தானேங்க அந்த டாக்டர் அவ்வளவு நேரம் சொன்னாரு?”

“நான் நம்பல.”

“சரி. நம்பல. பயந்தீங்க. ஒத்துக்கறேன்.” சிவகாமி மூச்சு வாங்கினாள். “என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? கழுத்து என்னுது. நெஞ்சு என்னுது. சாகப்போறது நானு. வேணாம்னு சொல்லியிருந்தா உக்காந்து சண்ட போட்டிருப்பேன், ஜெயிச்சிருப்பேன் இல்ல தோத்திருப்பேன். திருட்டுத்தனமா எலிக்குச் சோறு போட்டுட்டு, டாக்டர் முன்னாடி சத்தியம் பண்ணிட்டு, எனக்குப் புத்தி கொழம்பிப் போச்சுன்னும் சொன்னீங்களே! அதுதாங்க எனக்கு ஆறமாட்டேங்குது.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இன்னிக்கிலேர்ந்து நான் இத தொடமாட்டேன். ரெண்டு வாரம் இருக்கு. நான் போயி குடிக்கத்தான் போறேன்.”

“போக முடியாது.”

“ஏன்?”

“நேத்தே ஆபீஸ்லேர்ந்து சிங்கப்பூருக்கு டிரங்கால் போட்டுட்டேன். வரலன்னு சொல்லியாச்சு. மருந்து வேணாம்னு சொல்லியாச்சு.”

இதைச் சொல்லிவிட்டு அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சிவகாமி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாக்கியலட்சுமி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நிக்காத. செருப்பப் போடு. காதர் மைதீன் கடையில டெலிபோன் இருக்கு.”

பெண்டஹாரா ரோட்டுக்குப் பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் போனார்கள். வெயில் கொளுத்தியது. சிவகாமி கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டாள். பதினான்கு வருஷத்தில் நாத்தனாரோடு ஒரே வண்டியில் தோளுரச அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“அண்ணி, நான் பேசினதுக்கு...”

“விடு. உன் எடத்துல நான் இருந்தா சட்டியாலயே அடிச்சிருப்பேன்.” கொஞ்ச தூரம் போனபிறகு பாக்கியலட்சுமி மெதுவாகச் சொன்னாள். “கூடத்துல பொன்னம்மா பேரச் சொன்னியே, அன்னிக்கிப் பின்கட்டுல நாங்க பேசினது கேட்டிருக்கும். அந்தப் பேச்ச எடுத்தது நானில்ல.”

சிவகாமி திரும்பினாள்.

“அவனாத்தான் கேட்டான். பொன்னம்மாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு. பொன்னம்மா எப்படிப் போனா உனக்கென்னடா, பொண்டாட்டியப் பாருன்னு நான் திட்டினேன். அதான் உன் காதுல விழுந்திருக்கு. சும்மா கேட்டான்னு நெனச்சு விட்டுட்டேன்.”

பெச்சாக்காரன் மணியடித்துக்கொண்டே வளைவில் திரும்பினான்.  மேலே கேட்டால் வருகிற பதிலை நினைத்துச் சிவகாமிக்குப் பயமாக இருந்தது.

காதர் மைதீன் ஜவுளிக்கடையில் புரட்டாசி சனி என்று கூட்டமில்லை. இவர்கள் முகத்தைப் பார்த்ததுமே அவர் கேள்வி கேட்காமல் கல்லாப் பக்கத்து டெலிபோனைத் தள்ளி வைத்தார். “உக்காருங்கம்மா. சிங்கப்பூர் லைன் கெடைக்க நேரமாகும்” என்று அவரே எக்ஸ்சேஞ்சில் கேட்டுக் கொடுத்தார்.

நேரமாகத்தான் செய்தது. மணி அடித்தபோது சிவகாமி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரைச்சலுக்கு நடுவே யார் யாரோ இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு தெரிந்த குரல் வந்தது. நர்ஸ் கோகிலா.

“யாருங்க?”

“மலாக்காலேர்ந்து பேசறோம்மா. சிவகாமசுந்தரி மருந்து விஷயமா. அத நிறுத்தச் சொன்னாங்களாமே, நிறுத்தாதீங்க. தயவுசெஞ்சு.”

தடித்துப்போன அந்தக் குரல் கோகிலாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது.

“அம்மா, நீங்க அவங்களுக்குச் சொந்தமா? உங்களுக்கு வீட்டுல சொல்லலையா?”

“என்னத்த?”

“அவங்க தவறிட்டாங்கம்மா. நேத்து அவங்க வீட்டுக்காரரே போன்ல சொன்னாரு. பாவம், அழுதாரு. நாங்க அவங்க பேர அடிச்சிட்டோம். திங்கக்கிழம காலையில லண்டனுக்குச் சொல்லிருவாங்க, அந்த மருந்து வராது.”

  சிவகாமியின் கை தானாகக் கழுத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

“என்னடி? என்ன சொல்றா?”

சிவகாமி சொன்னாள். பாக்கியலட்சுமி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ரிசீவரை வாங்கி, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசினாள்.

“ஏம்மா நர்ஸு, நான் அவ நாத்தனா பேசறேன். என் தம்பி சொன்னது பொய். செத்தவ என் பக்கத்துல நிக்கறா, இவ்வளவு நேரம் உன்கிட்ட பேசினது அவதான். மறுபடியும் அவ பேர எழுது. மருந்து வரட்டும். அவளக் கூட்டிட்டு நான் வரேன்.”